வாலு என் காணிக்கையை வாங்கவில்லை

பாசமுள்ள அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் தம்பி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் என் மனைவியும், நீங்கள் வாலு என்று பட்டப்பெயர் வைத்த எங்கள் மகளும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் உங்கள் மகள் பெரியவளும் அப்படியே இருக்க அவர் உதவி செய்வாராக. இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இன்று நாலு பக்கம் எழுதுகிறானே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். ஆனது எங்கள் சபைக்கு, அதுவும் நல்லதாகத்தான் ஆயிற்று. காலையில் ஆலயத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பிள்ளைகள் ஆலயத்துக்கு வந்து காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனால் போதாது, மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனையை அவர்களே நடத்தட்டும் என்று எங்கள் போதகர் ஐயா அறிவித்தார். மணி அடிப்பது, வேதம் வாசிப்பது, ஜெபம் பண்ணுவது, காணிக்கை எடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். கமிட்டியில் முதல் ஆளாக எழுந்தது நான்தான். "ஐயா, வீட்ல டம்ளர் கழுவச் சொன்னாலே ரெண்டை உடைக்குதுங்க, ஆராதனையைத் தூக்கிக் கொடுத்தா என்ன ஆகும்?" என்றேன். "உடைஞ்சா ஒட்டிக்கலாம்" என்று சிரித்தார். பிள்ளைகளைத் தயார் செய்தது ஞாயிறு பள்ளி டீச்சர். வார நாட்களில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவர், எவ்வளவு இறுக்கி மூடிய வாயையும் திறக்க வைத்துவிடுவார். அவர் நடத்திய பாடம் நமக்குத் தெரிந்த பாடம்தான்: காணிக்கை போட வரும்போது நம்மால் மனம் நொந்தவர் யாராவது ஞாபகத்துக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவரோடு ராசியாகிவிட்டு வர வேண்டும். நாமெல்லாம் எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம். கேட்டோம், தலையாட்டினோம், வீட்டுக்குப் போனோம். அது தலையாட்டுகிற விஷயம் என்று வாலுவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்று காணிக்கைப் பை அவள் கையில். எட்டு வயசு, பை அவள் முழங்காலைத் தட்டுகிறது. முதல் பெஞ்சில் சபைப் பொருளாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பையை நீட்டாமல் பின்னால் மறைத்துக்கொண்டு, "தாத்தா, உங்களால யாருக்காவது மனசு கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று போல என்று நினைத்து அவர் சிரித்தார். "இருந்தா நான் வாங்கக் கூடாது தாத்தா. போய்ப் பேசிட்டு வாங்க, நான் நிக்கிறேன்" என்றாள். அவர் போதகர் ஐயாவைப் பார்க்க, ஐயா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்க்க, இவள் நின்றது நின்றதுதான். கடைசியில் மனுஷர் எழுந்து, போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மகனிடம் பேசி எட்டு மாசமாம். அடுத்து மருந்துக்கடைக்காரர், அவருக்கு மூன்றாவது பெஞ்சில் இருந்த தையல்காரரோடு தகராறு, இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போனார்கள். பாடகர் குழுவில் ஆளுக்கொரு மூலையில் நிற்கிற ஓரகத்திகள் இரண்டு பேரும் போனார்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒரே பாட்டை ஐந்தாவது தடவை வாசித்துக்கொண்டிருந்தான், அவனிடமும் போய்க் கேட்டாள், அத்தோடு பாட்டும் நின்றது. போதகர் ஐயாவே இறங்கி வந்து, செடிக்குத் தண்ணீர் விடவில்லை என்று போன வாரம் எல்லோர் முன்னாலும் அதட்டியதற்காக மணியடிக்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணே, பாதி சபை வாசலில் நிற்கிறது. ஒருத்தர் போனில் அழுகிறார், ஒருத்தர் சிரிக்கிறார், ஒருத்தர் சிக்னல் கிடைக்காமல் மதில் மேல் ஏறுகிறார். என் பொண்ணு, என் பொண்ணு என்று நான் பக்கத்தில் இருந்தவரை இடித்து இடித்தே அவர் விலா வீங்கியிருக்கும்.

அப்புறம் என்னிடம் வந்தாள். பெத்த அப்பன்தானே, விட்டுவிடுவாள் என்று காணிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். "பெரியப்பாவுக்கு உங்க மேல கோபமாப்பா?" என்றாள்.

"எனக்குத்தாம்மா அவர் மேல கோபம்."

"அதை நான் கேக்கலப்பா. அவருக்கு உங்க மேல இருக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் பையின் கயிற்றைச் சுருக்கி இழுத்துவிட்டாள். பிறகு குனிந்து, என் காதில் மட்டும், "எனக்கு அக்காவப் பாக்கணும்ப்பா" என்றாள். கண் கலங்கியிருந்தது. உங்கள் பெரியவளும் இவளும் ஒரு தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். நம் சண்டையில் அவர்கள் பிரிந்து கிடக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை உறைக்கவே இல்லை.

ஆகவே, நான் உங்களை மன்னித்துவிட்டேன். முழு மனதோடு. பழசைக் கிளறுகிற ஆள் நான் இல்லை. உங்கள் புதுவீட்டு ஜெபத்தன்று மைக்கைப் பிடித்து நன்றி சொன்னீர்களே, அதையும் கிளற மாட்டேன். மணல் கொண்டுவந்தவருக்கு நன்றி, வெள்ளையடித்தவருக்கு நன்றி, நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவருக்கு நன்றி, அந்த நாற்காலியை வண்டியிலிருந்து இறக்கினவருக்குக்கூட நன்றி. ஒரு மாசம் வேறு வேலை எடுக்காமல், சுவரைக் குடைந்து, ஒயர் இழுத்து, நாற்பத்திரண்டு சுவிட்சு மாட்டின இந்த எலக்ட்ரீஷியன் தம்பி பேர் மட்டும் உங்கள் வாயில் வரவில்லை. மாடிப்படி விளக்கைக் கீழேயும் போடலாம், மேலேயும் அணைக்கலாம் என்று வந்தவர்களுக்கெல்லாம் போட்டுப் போட்டுக் காட்டினீர்கள், அதை மாட்டினது யார், மணல்காரரா? சாப்பிடாமல் எழுந்து வந்தேன், ஒரு வாய் தண்ணீர் குடித்தியாடா என்று கேட்க நாதி இல்லை. இதையெல்லாம் நான் அடியோடு மறந்துவிட்டேன். நீங்கள் வருத்தம் தெரிவித்து ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள், வாலுவும் வாசிப்பாள்.

அண்ணிக்கு என் வணக்கம். பெரியவளுக்கு எங்கள் மூவரின் முத்தங்கள். கர்த்தர் உங்கள் வீட்டையும் அதிலுள்ள நாற்பத்திரண்டு சுவிட்சுகளையும் ஒரு குறைவும் இல்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
உங்களை மன்னித்துவிட்ட தம்பி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வாலு வந்து கடிதத்தை வாங்கி, வரிக்கு வரி விரலை வைத்து வாசித்தாள். "பெரியப்பா செஞ்சது எல்லாம் இருக்கு. நீங்க செஞ்சது எங்கப்பா?" என்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். பொருளாளர் முன்னால் நின்றது போலவே நின்றாள். ஆகையால் மேலே உள்ள நாலு பக்கமும் தள்ளுபடி. அன்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக் செத்து, வீடே இருண்டதே, எழுந்து போகிற வழியில் நான்தான் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். ஃபியூஸ் தானாக நடந்து போகாது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், வந்தவர்களிடம் கரண்ட் ஆபீஸ்காரன் தப்பு என்றே சொல்லி என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டீர்களாம். அண்ணி என் மனைவியிடம் அப்போதே சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்கச் சனிக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். நீங்கள் பாதிதான் பேசியிருந்தீர்கள். மீதிப் பாதியில் என் பேர் இருந்திருந்தால், தயவுசெய்து அன்றைக்குச் சொல்லிவிடாதீர்கள் அண்ணே, தாங்க மாட்டேன்.