சார், கையை ஆட்டுங்க!

சனிக்கிழமை பாத்ரூம் பல்ப் ஃப்யூஸ். புதுசு ஒண்ணு வாங்கணும். அவ்வளவுதான் வேலை.

மறுநாள் காலையில சிட்லபாக்கத்துலேருந்து பையனோட அப்பா, அம்மா வர்றாங்க. பையனுக்கும் எங்க பொண்ணு திவ்யாவுக்கும் பிடிச்சுப் போச்சு. பையனோட அப்பாதான் இன்னும் வாயைத் திறந்து சரின்னு சொல்லல. எங்க ஃப்ளாட் பாத்ரூமுக்கோ ஜன்னல் கிடையாது. பட்டப்பகல்லயும் கும்மிருட்டு.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு எலெக்ட்ரிகல் கடை. "பல்ப் குடுங்க"ன்னேன்.

"பின்னா, திருகா? எத்தினி வாட்டு? வெள்ளையா, மஞ்சளா?"

பல்ப் கேட்டா கடைக்காரர் பரீட்சை வைக்கிறார்! "பின். வெள்ளை. ஒன்பது வாட்."

"எங்கம்மா மாட்டப் போற?"

இங்கதான் சறுக்கினேன். பன்னெண்டு வருஷம் கான்வென்ட். பாத்ரூம் போகணும்னா சுண்டு விரலைத் தூக்கிக் காட்டணும், வாயால சொல்லக் கூடாதுன்னு வளர்த்தாங்க சிஸ்டர்ஸ். எனக்குப் பின்னாடி நாலு ஆம்பளைங்க வேற நிக்கறாங்க.

"ஒரு சின்ன ரூம்."

"இன்னா ரூமும்மா? உள்ள ஆளு ரொம்ப நேரம் இருப்பாங்களா?"

"யாரு எவ்ளோ நேரம் இருந்தா உங்களுக்கென்ன? பல்பைக் குடுங்க சார்!"

அவர் ஒண்ணை எடுத்து வெச்சார். "சென்சாரு. ஆளு வந்தா எரியும், போனா தானா அணையும். ஸ்டோர் ரூமுக்கு ஷோக்கா இருக்கும்."

என் வீட்டுக்காரர் பாத்ரூம் லைட்டை அணைச்சதா சரித்திரமே இல்ல. ஆஹா, இதுதான்! மாட்டினேன். உள்ள போனா எரிஞ்சுது. வெளிய வந்தா அணைஞ்சுது. என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

ஞாயிறு. கேசரி, காபி ஆச்சு. பையனோட அப்பா எழுந்து, "பாத்ரூம் எங்கம்மா?"ன்னார்.

போனார். அரை நிமிஷத்துல உள்ளேருந்து குரல். "கரண்ட் போயிடுச்சா?"

"இல்லியே சார், ஃபேன் ஓடுதே!"ன்னார் என் வீட்டுக்காரர், அப்பாவியா.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மனுஷன் அசையாம உக்காந்திருக்கார். சென்சாரைப் பொறுத்தவரை உள்ள ஆளே இல்ல!

கதவுகிட்ட ஓடினேன். "சார், கையை ஆட்டுங்க!"

"எதுக்கும்மா?"

"லைட்டுக்கு சார்! நல்லா ஆட்டுங்க!"

கதவிடுக்குல வெளிச்சம் வந்துது. அரை நிமிஷத்துல போச்சு.

"ரெண்டு கையும் சார்!"

ஹால்ல கேசரி சாப்பிட்டுக்கிட்டே அவர் சம்சாரம் நிதானமா சொன்னாங்க. "அவருக்கு எப்படியும் இருபது நிமிஷம் ஆகும்."

இருபது நிமிஷமும் என் வீட்டுக்காரர் வாட்சைப் பார்த்து "இப்ப சார்!"ங்கறதும், அவர் உள்ள ஆட்டறதும். நடுவுல சத்தத்துக்கும் எரியுமோன்னு அவரே கையைத் தட்டிப் பார்த்தார். எதிர் ஃப்ளாட் மாமி எட்டிப் பார்த்து, "பஜனையா? சொல்லவே இல்லியே!"

திவ்யா சோபா தலையணைக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டா.

வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்து சோபாவுல சாய்ஞ்சார். கல்யாணத்துக்கு மனசுக்குள்ளயே பெரிய கும்பிடு போட்டேன்.

"அந்த பல்ப் எங்கம்மா வாங்கினீங்க?"

"தாம்பரத்துல சார். இன்னிக்கே மாத்திடறேன்..."

"எனக்கும் ஒண்ணு வாங்குங்க. என் பையன் ஃபோனோட உள்ள போனா ஒரு மணி நேரம் வர்றதில்ல." திவ்யா பக்கம் திரும்பினார். "நாளைக்கு நீதானேம்மா வெளிய காத்துக்கிட்டு நிக்கணும்!"

சரின்னுட்டார்!

திங்கட்கிழமை அதே கடை. பின்னாடி அதே மாதிரி நாலு ஆம்பளைங்க. "ரெண்டு பல்ப். ஒண்ணு சாதா, ஒண்ணு சென்சார்."

"எங்கம்மா மாட்டப் போற?"

"ரெண்டுமே கக்கூசுக்குத்தான்!"னேன், மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கற மாதிரி.

சிஸ்டர்ஸ் மன்னிக்கணும்.