வெறுந்தரைக்கு அரை பக்கெட்

செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உலகத்தில் கோடிப்பேர் இருப்பார்கள். புல்கூட முளைக்காத வெறுந்தரைக்கு, அதுவும் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் மந்தைவெளியில், எங்கள் ஃப்ளாட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது கரண்ட் பில்லோடு சரி. எங்களுக்கு அவர் அரை பக்கெட்.

தி. நகரில் குடைக்கடை வைத்திருந்தவர். பிளாட்பாரத்தில் விரித்துப் போட்டு ஆரம்பித்து, பிறகு நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஒரு கடைக்கு உயர்ந்தவர். மனைவி இறந்து, மகள் ஓசூருக்குக் குடித்தனம் போனதும் கடையை விட்டுவிட்டார். குடைக்காரருக்கே உரிய ஒரு கெட்ட பழக்கம் மட்டும் விடவில்லை. மழை வரும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். "சாயந்திரம் பிச்சுகினு ஊத்தப் போவுது பாரு" என்று அவர் சொன்னால், மூன்றாம் மாடி மாமி நிம்மதியாக மொட்டை மாடிக்குப் போய் வடாம் பிழிவாள். ஒருமுறைகூட வடாம் நனைந்ததில்லை.

காலையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்புக்குள் உட்கார்ந்து குளிப்பார். அதில் சேர்ந்த தண்ணீரை நீல பக்கெட்டில் பாதி மட்டும் ஊற்றிக்கொண்டு, ஈரத்துண்டோடு லிஃப்டில் இறங்குவார். கட்டடத்துக்குப் பின்னால், மதிலோரமாக, ஒரு துண்டு மண்தரை இருந்தது. சுற்றிலும் சிமெண்ட். அங்கே குந்தி உட்கார்ந்து, சொம்பால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். ஊற்றிவிட்டு, குழந்தைக்குப் பால் புகட்டிய தாய் மாதிரி தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

புதிதாக வந்த வாட்ச்மேன் அங்கே நாயைப் புதைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, முதல் வாரம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனார். முதல் மாடிக்காரர் ஒருவர் (பெயர் வேண்டாம், இன்னும் நன்றாக இருக்கிறார்) வேறு மாதிரி யோசித்தார். குடைக்கடையில் சம்பாதித்ததைப் பெரியவர் அங்கேதான் புதைத்து வைத்திருக்கிறார், அடையாளத்துக்காக ஈரமாக வைத்துக்கொள்கிறார் என்பது அவர் கண்டுபிடிப்பு. அரை பக்கெட் ஓசூர் போயிருந்த சமயம் பார்த்து, மைத்துனரையும் கடப்பாரையையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு மத்தியானம் முழுக்கத் தோண்டினார். கிடைத்தது ஒரு உடைந்த கோலிக்குண்டு. திரும்பி வந்த அரை பக்கெட் கிளறிக் கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டு என் கதவைத் தட்டினார்.

"என்ஜினீர் சார், செக்ரட்டரின்னா நீதான் சார் செக்ரட்டரி. நா கேக்காமலே ஆள் வுட்டு நல்லா கொத்தி வுட்டுகீற. மண்ணுக்குக் காத்து போவும் பாரு!"

நான் மறுக்கவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரிக்கு நன்றி கிடைப்பது அபூர்வம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் படித்தவன். வேலை பார்த்த காலம் முழுக்க மண் பரிசோதனைதான். கட்டடம் கட்டுவதற்கு முன்னால் துளை போட்டு, மண்ணை வெளியே எடுத்துப் பார்த்து, அறிக்கை எழுதுகிற வேலை. மயிலாப்பூரிலும் அடையாறிலும் என் துளை விழாத தெரு குறைவு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கை நீளத்துக்குத் தோண்டினாலே களிமண் கொழுக்கட்டை மாவு மாதிரி குழைந்து வரும். சித்திரையிலும் வரும். ஓய்வுபெறும் காலத்தில் அதே தெருக்களில், ஆள் உயரம் போனாலும் உடைந்த ஓடு மாதிரி வந்தது. ஒரு கோடையின் காய்ச்சல் இல்லை அது. வருஷத்துக்கு வருஷம் ஈரம் கீழே இறங்கிக்கொண்டிருந்ததை என் கையால் தொட்டுப் பார்த்தேன். அறிக்கையில் எழுதினேன். சம்பளம் வாங்கினேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

ஆகையால் அரை பக்கெட்டிடம் ஒருநாள் கேட்டேன். "கீழே எவ்வளவு காய்ஞ்சு கிடக்குன்னு எனக்குத் தெரியும். உங்க அரை பக்கெட் எந்த மூலைக்கு?"

"அது கணக்கு சார். கணக்கு உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "நா கடைக்காரன். எனக்கு மழைய குடை வித்துதான் தெரியும். முன்னல்லாம் ஐப்பசி மழை சம்பந்தி மாரி வந்து குந்தும். எழுந்துக்கவே எழுந்துக்காது. ஊருக்குப் போய்யான்னாலும் போவாது. நானும் குடை வித்துகினே இருப்பேன். இப்ப திருடன் மாரி ஒரு ராத்திரி பூந்து, எல்லாத்தையும் நனச்சுட்டு ஓடிப் பூடுது. மறுநா காலைல கட தொறந்தா வெயிலு. எவன் குடை வாங்குவான்?"

"அதுக்கும் நீங்க தண்ணி ஊத்தறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இன்னா சார் படிச்சவன் நீ! பட்டினி கெடந்தவனுக்குப் பிரியாணி வெச்சா துன்னுவானா? வாந்திதான் எடுப்பான். காஞ்ச மண்ணும் அப்டித்தான். வாய இறுக்க மூடிக்கும். மழை மேலயே உருண்டு கடலுக்குப் பூடும். அத்தொட்டு தெனம் கொஞ்சம் நாக்க நனச்சு வெக்கறேன். குடிக்கறது மறந்துடக் கூடாது பாரு."

அவர் சொன்னதில் பாதி சரி. மீதி பாதி குடைக்காரரின் வானிலை அறிக்கை. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதோடு போயிருந்தால் இதை ஒரு வேடிக்கைக் கட்டுரையாகவே எழுதி முடித்திருப்பேன்.

அப்புறம் அந்தக் கோடை வந்தது. ஏரிகளில் ஆடு மேய்ந்த கோடை. ஊரே கலர் குடங்களோடு லாரிக்குப் பின்னால் ஓடியது. எங்கள் போர்வெல் முதலில் கலங்கலாகக் கொடுத்தது, பிறகு காற்றைக் கொடுத்தது, பிறகு மோட்டாரைக் கெடுத்தது. லாரித் தண்ணீரைத் தரைக்கடியில் இருந்த சம்ப்பில் இறக்கி, மாடித் தொட்டிக்கு ஏற்றி, காலையில் சற்று நேரம் மட்டும் குழாய்களைத் திறந்துவிடுவேன். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் வால்வுகள் மொட்டை மாடியில் இருந்தன. சாவி என்னிடம் இருந்தது. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதான். அதை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மத்தியானம் மூன்றாம் மாடி மாமி போட்ட கூச்சலில் கட்டடமே கீழே இறங்கியது.

"எங்காத்துல கொழந்தைக்குக் கால் அலம்ப ஜலம் இல்லே. இந்த மனுஷர் தரைக்கு அபிஷேகம் பண்ணிண்டிருக்கார்! வந்து பாருங்கோ!"

மதிலோரத்தில் அரை பக்கெட் குந்தியிருந்தார். பக்கெட்டில் பாதி தண்ணீர். சோப்பு நுரை இல்லாத, தெளிந்த, நல்ல தண்ணீர்.

"என் பங்கு சார் இது" என்றார் என்னைப் பார்த்து. "எவன் வூட்டுதயும் எடுக்கல."

"பங்கு குடிக்கறதுக்கு. கொட்டறதுக்கு இல்லை."

"மண்ணு குடிக்குது சார்."

எல்லோரும் சிரித்தார்கள். "அங்கிள், அப்படியே தலைக்கு ஷாம்பூவும் போட்டு விட்டுடுங்க" என்றான் ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பையன். மறுபடியும் சிரிப்பு.

நான் அவர் அருகில் போய் நின்றேன். அப்போது அவர் மேலிருந்து அந்த வாடை வந்தது. கொஞ்ச நாளாகவே அவர் ஏறினால் லிஃப்டிலிருந்து மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கிழவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அவர் குளிப்பதை நிறுத்திவிட்டார். குளிக்க வேண்டிய தண்ணீரைத்தான் கீழே கொண்டுவருகிறார். தன் உடம்பிலிருந்து மிச்சம் பிடித்த தண்ணீர் அது.

இதை நான் அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் கட்டடமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒரு வாரத்துக்கு உங்க லைனை மூடறேன். குடிக்க கேன் வாங்கிக்குங்க" என்றேன். யாரோ கை தட்டினார்கள். அவர் பக்கெட்டில் மீதி இருந்ததை மாமி கொண்டுவந்திருந்த காலிக் குடத்தில் ஊற்றிவிட்டுப் படியேறினார்.

வாரம் முடிந்தது. வால்வைத் திறக்க வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. திறக்கவில்லை.

அரை பக்கெட்டை அப்படியெல்லாம் நிறுத்திவிட முடியுமா? சில நாளில் எங்கள் பின்புறத்தில் டீ வாசனை அடித்தது. எறும்புகள் வரிசை கட்டின. தெருமுனை டீக்கடையில் கிளாஸ் கழுவிய தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து ஊற்றிக்கொண்டிருந்தார். "மண்ணுக்குக் காலைல டீ, சாயந்திரம் டீ. ரொம்ப பேஜார் புடிச்ச மண்ணு சார்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிச் சிரித்தாராம். என்னிடம் பேசுவதை விட்டிருந்தார்.

கத்திரி வெயிலில் ஒருநாள், டீக்கடைக்கும் எங்கள் கேட்டுக்கும் நடுவில், பக்கெட்டோடு ரோட்டில் விழுந்தார். டீக்கடைக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"இடுப்பு போச்சு சார் பெருசுக்கு. ஒன்னு கேக்கறேன், தப்பா நெனைக்காத. உங்க ஃப்ளாட்ல தண்ணியே இல்லியா? இம்மாம் வயசுல அவர் இன்னாத்துக்கு சார் எங்கிட்ட கழனித்தண்ணி வாங்கிகினு இருந்தாரு?"

நான் கதவைச் சாத்தினேன்.

மகள் வந்து ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டாள். நான் போய்ப் பார்க்கவில்லை. பின்புற மண்தரையில் சிமெண்ட் போட்டால் ஒரு கார் நிறுத்தலாம் என்று அசோசியேஷனில் பேச்சு வந்தது. எதிர்க்க ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டேன். கொத்தனார் தரையைச் சமன் செய்துகொண்டிருந்த அன்று போன் வந்தது.

"என்ஜினீர் சார்! நாந்தான். மண்ணு எப்டி கீது?"

கீழே சிமெண்ட் கலக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

"நல்லா இருக்கு" என்றேன். "நான்தான் ஊத்தறேன்."

"கொஞ்சமா ஊத்து சார். அவசரப்பட்டு ஊத்தினா ஓடிடும்" என்றார்.

மழைக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். மகள்தான் போனில் சொன்னாள். "அப்பா உங்களைப் பத்தியே சொல்லிக்கிட்டிருந்தார் சார். மண்ணை நீங்க பாத்துக்கறீங்களாமே. என்ஜினீர் சார் தங்கமான மனுஷன்னார்."

அந்த வருஷ மழை, அவர் சொன்ன திருடன் மாதிரியே வந்தது. ஒரே ராத்திரி. காலையில் ஜன்னலிலிருந்து பார்த்தேன். புதுச் சிமெண்டின்மேல் தண்ணீர் கணுக்கால் அளவு நின்று, பிறகு ஓடையாகக் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. போர் அதற்குப் பிறகும் காற்றைத்தான் கொடுத்தது. அவருடைய அரை பக்கெட் போரைக் காப்பாற்றியிருக்காது என்பது எனக்குத் தெரியும். கணக்கு இன்றைக்கும் என் பக்கம்தான் இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒருநாளும் சரியாகத் தூங்கியதில்லை.

செக்ரட்டரி பதவியை விட்டேன். பிறகு அசோசியேஷனில் கெஞ்சி, என் செலவில் ஆள் வைத்து, கார் நிற்கும் இடத்துக்கு ஓரமாக ஒரு பாய் அகலத்துக்குச் சிமெண்டை உடைத்தேன். மாமி மட்டும் எனக்காகப் பேசினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் குடத்தில் அவர் ஊற்றிய தண்ணீர் அவளுக்கும் நினைவிருக்கும்.

உடைத்த முதல் நாள் நான் குளித்த தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன். மண் குடிக்கவில்லை. தண்ணீர் தூசியைப் போர்த்திக்கொண்டு, முத்து முத்தாக உருண்டு சிமெண்டுக்கு ஓடியது. மறுநாளும் ஓடியது. ஏழெட்டு நாள் அப்படியேதான். எத்தனையோ தெருவில் மண்ணைத் தோண்டிப் பார்த்தவன் நான். ஒரு சொம்பு தண்ணீரை அதற்குக் கொடுத்துப் பார்த்ததில்லை. பிறகு ஒரு காலை ஓரத்தில் லேசாகக் கறுத்தது. மெல்ல உள்ளே இறங்கியது.

இப்போதும் தினம் இறங்கிப் போகிறேன். முழங்கால் ஒத்துழைப்பதில்லை என்பதால் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்கிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள் எனக்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். என்னவென்று விசாரிக்கவில்லை. இரண்டாம் மாடி பால்கனியில் இப்போது வேறு யாரோ துணி உலர்த்துகிறார்கள். ஊற்றி முடித்ததும் அங்கே ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன்.

"கொஞ்சமாத்தான்யா ஊத்தறேன்" என்கிறேன்.