உதவித்தொகைக்கு வரி கட்டப் போன நாள்

தெரியாத விஷயங்களைப் பற்றித்தான் நான் எப்போதும் கூடுதல் நம்பிக்கையோடு கதைத்திருக்கிறேன். பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் அந்த விஷயம் வரி.

மருதமுனையிலிருந்து கொழும்புக்குப் படிக்கப் போயிருந்தேன். கட்டணத்தில் பாதிக்கு உதவித்தொகை. மற்றப் பாதியை வாப்பா தன் ஹாட்வெயார் கடை வருமானத்திலிருந்து கட்டினார். லீவில் வந்தபோது அவர் வரிப் படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைட படிப்புச் செலவ வருமானத்தில கழிக்கலாம் வாப்பா," என்றேன். (ஒரு வீடியோ பார்த்திருந்தேன். பாதிதான்.)

"மெய்யாவா மகள்?"

அந்த ஒரு சொல்லில் மிதக்கத் தொடங்கினேன். படிவத்தை வாங்கி முழுக் கட்டணத்தையும் கழித்தேன். நேர்மையும் முக்கியமல்லவா? உதவித்தொகையை என் சம்பளமாக எழுதி எனக்கும் ஒரு படிவம் நிரப்பினேன்.

படிவம் கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றினார். வீதியோரம் கடல் அசையாமல் பால்போலக் கிடந்தது. வரிக் கந்தோர் வருவதற்குள் நான் மனதுக்குள் நாட்டின் வரி ஆலோசகர் ஆகியிருந்தேன். அதிகாரிகள் எழுந்து நின்றார்கள். வாப்பா கண்ணைத் துடைத்தார்.

உள்ளே யாரும் எழும்பவில்லை. அதிகாரி இரண்டு படிவங்களையும் இரண்டு தரம் வாசித்துவிட்டு வாப்பாவைப் பார்த்தார்.

"நானா, படிப்புச் செலவு கழிக்கிற சலுகை முந்தி இருந்த. இப்ப இல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, உதவித்தொகை சம்பளமில்ல. அதுக்கு வரியும் இல்ல. கட்ட வேண்டியவங்களையே தேடித் திரியிறம். நீங்க கட்டத் தேவையில்லாததுக்கு வந்திருக்கீங்க."

பின்னால் கியூவே இருமியது. (சிரிப்பை அப்படித்தான் மறைத்தார்கள்.)

வாப்பா வாங்குப் பலகையில் உட்கார்ந்து புதுப் படிவத்தைத் தானே நிரப்பினார். நான் பேனை மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கி எழுத்துகள் எல்லாம் தண்ணீருக்கடியில் தெரிந்தன.

"பரவாயில்ல மகள்," என்றார், தலை நிமிராமல். "முதல்ல படிச்சு முடிங்க. மறுகா ஆறுதலாப் பிழை விடலாம்."

இப்போது ஒவ்வொரு பெருநாளும் தம்பியின் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்ததும் வாப்பா சொல்வார்: "மாமிட்ட காட்டிட்டுச் செலவழிங்க. வரி இரிக்கா எண்டு அவ பார்ப்பா."

பிள்ளைகள் வரிசையில் வருகிறார்கள். நானும் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விலக்கு அளித்து அனுப்புகிறேன். போன பெருநாளில் கடைக்குட்டி மட்டும் நகரவில்லை.

"இல்ல மாமி, நான் கட்டுறன்," என்று பாதி சப்பிய டொபியை என் கையில் வைத்தாள்.

அவள் அப்படியே என் சாயல் என்கிறான் தம்பி.