பூதத்தைக் கொல்லச் சொன்ன விமர்சனம்

கதை எழுத வராதவன் விமர்சனமாவது எழுதலாம் என்று நம்பிய முட்டாள் நான். அதைவிடப் பெரிய முட்டாள்தனம், என் துணியைத் துவைக்கிறவரின் கதையையே எடுத்து விமர்சித்தது. அப்போது நான் கோலாலம்பூரில் ரயில்வே கிராணி. குமாஸ்தாவுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நாற்காலி இருந்தது, பேனா இருந்தது, மூளைக்கு மட்டும் வேலை இல்லை.

நாங்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தச் சலவைக்காரரைப்போல் கோபப்பட அவருக்கு முன்னும் ஆள் இல்லை, பின்னும் இல்லை. காலையில் கரி பற்றாவிட்டால் கரியோடு சண்டை. மழை தூறினால் வானத்தை நிமிர்ந்து பார்த்து, "கொடியில துணி கெடக்குறது கண்ணுக்குத் தெரியல?" என்று அதட்டுவார். சில நாள் மழை பயந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அவருடைய சலவைக் கொட்டகை. வாரப் பத்திரிகையில் அவர் எழுதியதோ பூதக் கதை. ஆகவே ஊருக்கெல்லாம் அவர் 'பூத டோபி'.

அந்தப் பூதம் கிள்ளான் ஆற்றுக்கு அடியில் குடியிருந்தது. ஈயம் அள்ளும் கப்பல்களை முறுக்கு மாதிரிக் கடித்துத் தின்னும். அவசரமென்றால் ரயிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும். ஞாயிறு மாலை கொட்டகையில் இஸ்திரி போடுகிறவர்கள், தண்டவாள வேலைக்காரர்கள், மாட்டுவண்டிக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். எழுத்துத் தெரியாத கூட்டம். அவரே பத்திரிகையைப் பிரித்து உரக்க வாசிப்பார். பூதம் உறுமுகிற இடத்தில் தாமும் உறுமுவார். பக்கத்துச் சீனர் கடை நாய் பதில் கொடுக்கும்.

தம் கதையைக் குறை சொன்னவர்களுக்கு அவர் கஞ்சியால் பதில் சொன்னார். செந்தூல் வாத்தியார் ஒருவர் 'கதையில் நீதி இல்லை' என்று பத்திரிகைக்கு எழுதினார். அடுத்த சலவையில் வந்த வேட்டியை வாத்தியாரால் கட்ட முடியவில்லை. கதவு மாதிரிச் சாத்தித்தான் வைக்க முடிந்தது. இன்னொருவர் 'பரவாயில்லை' என்று எழுதினார். அவருக்குச் சட்டையில் ஒரு கை மட்டும் விறைப்பு.

இதெல்லாம் தெரிந்தும் நான் எழுதினேன். 'பூதம் ரயிலைத் தூக்கிக்கொண்டு நடந்தால் நடுவழி ஸ்டேஷன்களில் பயணிகள் ஏறுவது எப்படி? டிக்கெட் பரிசோதிப்பது யார்? இப்படிப்பட்ட பூதம் இலக்கியத்துக்குத் தேவையில்லை.' கீழே புனைபெயர். புனைபெயரில் எழுதிவிட்டு, அது நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைப்பது அன்றைய எழுத்தாளர் வழக்கம். அதிலும் நான் குறை வைக்கவில்லை.

பத்திரிகாசிரியருக்கோ ஒரு தலைமுடித் தைல விளம்பரத்துக்கு இடம் தேவைப்பட்டது. என் விமர்சனத்தைச் சாக்காக வைத்து, அடுத்த இதழில் பூதத்தைக் கொன்று கதையை முடிக்கும்படி டோபிக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

அது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை, சலவைக்குப் போட்டிருந்த என் கோட்டை வாங்கப் போனேன். கொட்டகை நிறையக் கூட்டம். பத்திரிகாசிரியரைத் திட்டித் திட்டி டோபிக்குத் தொண்டை கட்டியிருந்தது. கத்துகிற டோபியை எனக்குத் தெரியும். கிசுகிசுக்கிற டோபியை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

"வாங்க விமர்சகரே. பூதத்தக் கொல்லணுமாமே?"

"இல்லண்ணே, அது வந்து... இலக்கியம்னா..."

"கோட்டு வேணுமா? இந்தா, இத வாசி."

நான் விமர்சித்த அதே இதழை என் கையில் திணித்தார். சரக்கு ரயில் விவரம் படிக்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"ஏய் கிராணி, உறுமுலா!" என்றார் ஒரு வண்டிக்காரர்.

உறுமினேன். போதவில்லை என்றார்கள். மறுபடி உறுமினேன். நாய் பதில் சொன்னது. சம்பள உயர்வு வந்த நாளில்கூட எனக்கு அத்தனை பெருமை இருந்ததில்லை.

கதையில், கப்பலில் வந்திறங்கும் புருஷனைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு தோட்டத்துப் பெண் ரயிலைத் தவறவிட்டு நிற்கிறாள். போன ரயிலைப் பூதம் கக்கத்தில் இடுக்கித் திரும்பக் கொண்டுவந்து அவள் காலடியில் வைக்கிறது. டிக்கெட் கேட்டு நான் கிண்டல் செய்த இடம் இதுதான். என்னை உறுமச் சொன்ன வண்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நமக்காக எவன்யா ரயில நிறுத்துனான்?" என்றார்.

அந்தப் பத்தியை நானும் இன்னொரு தரம் வாசித்தேன். டோபி கிசுகிசுத்தார்: "அடுத்த வாரம் பூதம் செத்துரும். இவரு எழுதுனதப் பாத்து பத்திரிகை ஐயா போட்ட உத்தரவு."

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. கோட்டை விட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் கோட்டு இல்லாமலே பத்திரிகை ஆபீசில் போய்க் கத்தினேன். "பூதத்தக் கொல்லச் சொல்ல நீங்க யாரு சார்?"

"நீங்கதானேய்யா எழுதினீங்க?"

"அது போன வாரம்!"

ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப உங்க சொந்தப் பேரப் போட்டு, எழுதினது தப்புன்னு எழுதிக் குடுங்க. விளம்பரத்த வேற பக்கத்துக்குத் தள்ளுறேன்."

சொந்தப் பெயர் என்றால் எங்கள் தலைமைக் கிராணி படிப்பார். அவர் படித்தால் ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: 'என் டிக்கெட் கேள்வி மடத்தனம். பூதம் வாழ வேண்டும்.' அச்சானது. தலைமைக் கிராணி தினமும் என் மேஜைக்கு வந்து, "தம்பி, பூதம் எந்த பிளாட்பாரம்?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரயிலை நானே தூக்கியிருப்பேன்.

அந்த இதழை எடுத்துக்கொண்டு, கட்டிப்பிடிப்பார் என்ற நம்பிக்கையோடு கொட்டகைக்குப் போனேன். படித்தார். முகம் சிவந்தது. தொண்டை முழுதாகக் குணமாகிவிட்டது என்பது உடனே தெரிந்தது.

"தப்புன்னு சொல்றதக்கூட இவ்வளவு மொட்டையாவா எழுதுவான் ஒருத்தன்? என் பூதத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா?"

கோட்டு என் முகத்தில் வந்து விழுந்தது. வாங்கிக்கொண்டேன், போகத்தான் மனமில்லை. கதையில் அந்தப் பெண்ணின் புருஷன் வரும் கப்பல் இன்னும் கரை சேரவில்லை. கடல் வேறு கொந்தளிக்கிறது. பூதத்துக்கு நீந்தத் தெரியுமா என்று அந்த வாரம் முழுக்க ஆபீஸ் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, கப்பல் வந்துருமா?" என்றேன் மெதுவாக.

அவர் இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம நீதானே வாசிக்கப் போறே, வா."