விண்கப்பலுக்குக் கற்பூரம் காட்டிய கதை

நாற்பத்திரண்டு வயதில் நான் ஒரு பிளாஸ்டிக் விண்கப்பலுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி மஞ்சு இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

அந்தக் கப்பல் வந்த பழைய விண்வெளித் தொடர் டிவியில் ஓடி முடிந்து எத்தனையோ காலம். எனக்குள்தான் இன்னும் முடியவில்லை. அதில் வந்த கப்பல்களைத் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, பெயின்ற் அடித்து, வெள்ளைக்கார நாட்டில், எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டுக் கண்ணாடி அலுமாரி முழுக்க அடுக்கியிருந்தேன். கப்டனின் கோப்பைகூட இருந்தது (அதில் தேத்தண்ணி குடிக்கக் கூடாது, பார்க்கத்தான்). மஞ்சுவின் கலியாணப் பீங்கான் செற்றோ பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

ஒருநாள் அவள் பொறுமையிழந்தாள்.

"இஞ்சருங்கோ, சனிக்கிழமை நடக்கிற உங்கட விண்கப்பல் கண்காட்சிப் போட்டியில பரிசு கிடைச்சா அலுமாரி உங்களுக்கு. இல்லாட்டி உந்தச் சாமான் எல்லாம் மேல கூரைக்குள்ள, லொஃப்ட்டுக்கு. சரியோ?"

"ஓம்" என்றேன் அலட்சியமாக. எட்டு மாதம் மினக்கெட்டுச் செய்த பெரிய கப்பல், தோற்குமா என்ன?

சனிக்கிழமை காலை அந்த அலட்சியம் போன இடம் தெரியவில்லை. விஞ்ஞானம், விஞ்ஞானம் என்று வாய் கிழியப் பேசுகிற ஆள் நான். ஆனால் புதுக் கார் எடுத்தபோது டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தவனும் நானேதான். இதுவும் ஒரு வாகனம்தானே? மஞ்சு குளிக்கிற நேரம் பார்த்து, கப்பலின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். (தேசிக்காய் வைக்கச் சில்லு இல்லை.) கற்பூரத்தைக் கொளுத்திச் சுற்றினேன். பக்தி முற்றி, தட்டைக் கிட்டக் கொண்டு போய்விட்டேன். மூன்றாவது சுற்றில் இடது எஞ்சின், சுட்ட அப்பளம் மாதிரி மெல்லச் சுருண்டு தொங்கியது.

"என்னப்பா எரிஞ்சு மணக்குது?" என்று ஓடி வந்த மஞ்சு, என்னையும் தட்டையும் கப்பலையும் பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

ஆனாலும் போனோம். நடுவர் ஒரு வயதான வெள்ளைக்காரர். தொடரில் வரும் கப்டனின் சீருடையில், பொத்தான்கள் திணற, பூதக்கண்ணாடியோடு வந்தார்.

"இடது எஞ்சினுக்கு என்ன நடந்தது?"

"எதிரி சுட்டது" என்றேன் மிடுக்காக.

"எந்த எபிசோட்?"

நான் கப்பலை மெல்ல மறுபக்கம் திருப்பினேன்.

"முழுத் தொடரிலும் இடது எஞ்சினில் ஒன்றும் படவில்லை. வலதில்தான், இரண்டு தடவை" என்றார் அவர். பக்கத்தில் நின்ற இன்னொரு கப்டன், "மூன்று தடவை" என்றார். இரண்டு தாத்தாக்களும் அதற்காக முகம் சிவக்கச் சண்டை பிடித்தார்கள். தப்பினேன் என்று மூச்சு விட்டேன். பூதக்கண்ணாடி கப்பலின் மூக்குக்கு வந்தது.

"இந்தச் சிவப்புப் புள்ளி?"

ஐயோ! பொட்டை அழிக்க மறந்துபோனேன்.

"அது... எச்சரிக்கை விளக்கு."

மஞ்சுவுக்கு அதற்குமேல் பொறுக்க ஏலவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்கிற ஆங்கிலத்தில், "அது பொட்டு, சேர். பரிசு கிடைக்க வேண்டுமென்று இவர் காலையில் கப்பலுக்குப் பூசை செய்தார். அதில்தான் எஞ்சின் உருகியது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. ஓர் அட்டையில் கவனமாக எழுதி என்னிடம் நீட்டினார்: "வேலைப்பாடு அருமை. தயவுசெய்து நெருப்பிலிருந்து தள்ளி வைக்கவும்."

பரிசு இல்லை. அன்றைக்கே என் கப்பல்கள் லொஃப்ட்டுக்கு ஏறின, பீங்கான் செற் அலுமாரிக்கு வந்தது. உருகின கப்பலை மட்டும் மஞ்சு பொட்டோடு நடுவில் வைத்தாள், வருகிறவர்களுக்குக் கதை சொல்ல. ஒருநாள் அந்தப் பீங்கானில் தேத்தண்ணி கேட்டேன். "ஐயோ, அது பாவிக்கிறதுக்கில்லை, பாக்கத்தான்" என்றாள். எனக்கு வந்த வியாதி அவளுக்கும் தொற்றிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் யார் புதுக் கார் எடுத்தாலும் எனக்குப் போன் வரும்.

"அண்ணை, பூசைக்குக் கட்டாயம் வாங்கோ. கற்பூரத்தை மட்டும் நாங்களே காட்டுறம்."