இடது பக்கத்துச் சிங்கப்பூர்

சவரம் செய்துகொள்ளப் போனவனைப் பரீட்சைக்கு உட்காரவைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் பெங்களூர் ஒக்கலிபுரத்தில், ரயில் தண்டவாளத்திலிருந்து நாலு எட்டில், இரண்டு நாற்காலி போட்டு ஒரு சலூன் வைத்திருந்தார். வீட்டில் வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. 'பூகோளம்' என்றால் தெரியும். தபால்காரரே உறையின் மேல் இருந்த பெயரைப் பார்த்துக் குழம்பி நின்று, "இது யாருப்பா? நம்ம பூகோளமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். சலூன்காரர்கள் கத்தியில் வழித்த நுரையைத் துடைக்கப் பழைய காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மற்றக் கடைகளில் அது வெறும் காகிதம். பூகோளத்துக்கு அதுதான் காலேஜ். பழைய பேப்பர் கடையில் பள்ளிக்கூடப் புத்தகமாகப் பொறுக்கி வாங்கி வருவார். தமிழோ கன்னடமோ, சரித்திரமோ பிராணி சாஸ்திரமோ, எதுவானாலும் சரி. ஆனால் ஒரு துண்டை முழுக்கப் படித்து முடிக்காமல் அதில் நுரை துடைக்க மாட்டார். அதுவரைக்கும் நம் கன்னத்து நுரை காய்ந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெடித்துக்கொண்டிருக்கும்.

"அண்ணே, கன்னம் இழுக்குது."

"இருப்பா அருளப்பா, சும்னே பேஜார் பண்ணாதே. இத்தாலில ஒரு எரிமலை பொகைய ஆரம்பிச்சிருக்கு. வெடிச்சிடட்டும்."

வெடிக்காது. அதற்கு அடுத்த துண்டு முந்தின நாளே யாருடைய தாடியோடோ குப்பைக்குப் போயிருக்கும். அந்த இத்தாலி எரிமலை மூன்று வருஷம் எங்கள் சலூனில் புகைந்துகொண்டே இருந்தது.

படித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் மனுஷராக இருந்தாலும் பரவாயில்லை. எங்களையும் கேட்பார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அதோடு பிறவிப் பயந்தாங்கொள்ளி. என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு, "பிரான்ஸ் தேசத்துல ராஜா தலையை வெட்டினாங்களே, எதால வெட்டினாங்க?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? "கத்தியாலயா அண்ணே?" என்றேன், பல்லைக்கூட அசைக்காமல்.

"கத்தியா? மெஷினுப்பா! மேலேருந்து வுட்டா ஒரே போடு. ஆடாதே, ஆடாதே."

இன்னொரு நாள், திமிங்கிலம் மீனே இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணி என்று போட்டார் ஒரு குண்டை. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை மாமிசம் தொட மாட்டோம், மீன் சாப்பிடலாம். எனக்கு அன்றைக்கே கவலை பிடித்துக்கொண்டது. கருவாட்டுக் கடையில் திமிங்கிலத்தையும் துண்டு போட்டுக் கலந்து விற்றிருந்தால்? இத்தனை வெள்ளிக்கிழமைப் பாவமும் யார் தலையில்? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டேவிட்டேன். அவர், "யாருகிட்ட முடி வெட்டிக்கிறே?" என்று மட்டும் கேட்டார்.

பூகோளத்தின் பெரிய சொத்து ஒரு உலக மேப்பு. ஏதோ பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிற மேப்பு என்பதால் அதில் ஒரு ஊர்ப் பெயரும் கிடையாது, வெறும் கோடுகள்தான். அதை நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்த சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். எங்களுக்கு எதிரே, நாற்காலிக்கு ஒன்றாக, ஆள் உயரக் கண்ணாடி. வேலைக்கு நடுவே சட்டென்று திரும்பி, ஒரு மூங்கில் குச்சியால் மேப்பைத் தட்டி, "இது எது?" என்பார். கழுத்தைத் திருப்பினால் காது போய்விடும் என்ற பயத்தில் நாங்கள் எல்லோரும் எதிரே இருந்த கண்ணாடியில் பார்த்தே, "ஜப்பான்", "பிரேசில்", "மடகாஸ்கர்" என்று பதில் சொல்லுவோம். சரியாகச் சொன்னால் தலைக்கு இரண்டு தட்டு கூடுதலாக மாலிஷ். அந்த மாலிஷுக்கு ஆசைப்பட்டு நான் உலகத்தையே மனப்பாடம் செய்தேன். கண்ணை மூடினால் எந்தத் தேசம் எங்கே இருக்கிறதென்று விரல் தானாகப் போகும்.

அந்தச் சமயத்தில்தான் நான் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மண்டியை மூடிவிட்டார்கள். மனைவிக்கு ஏழாம் மாதம். எங்கள் பக்கத்தில் ஊதுபத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை. கிழக்கே போகிற பெட்டி மதராஸ் துறைமுகத்துக்கு, மேற்கே போகிறது பம்பாய்க்கு. அது கிடைக்காவிட்டால் பிரசவத்துக்கு முன்னால் வேறு வேலைக்கு வழியே இல்லை.

பூகோளம் என் தலையை அன்று தனி அக்கறையோடு வெட்டினார். "தேசத்தை வெச்சு வேலையா? அட, உனக்குன்னு செஞ்சு வெச்ச வேலைப்பா அது! தைரியமா போ."

மானேஜர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் பெரிய மேப்பு, எனக்குப் படிக்க வராத இங்கிலீஷ் எழுத்தில்.

"சிங்கப்பூர் எல்லி இதே? எங்க இருக்கு, தொட்டுக் காட்டு."

என் விரல் தானாகப் போய் இந்தியாவுக்கு இடது பக்கத்தில் நின்றது.

"அது ஆப்பிரிக்காப்பா. சரி, ஏடன்?"

விரல் வலது பக்கம் போனது. அப்போதுதான் மேப்பை நிதானமாகப் பார்த்தேன். இலங்கை எதிர்ப்பக்கம் தொங்குகிறது. ஜப்பான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிவிட்டது. இந்தியாவே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. என் ஜென்மத்தில் ஒரு பெரிய மனிதரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவன் இல்லை நான். ஆனால் அவருடைய பெட்டிகளெல்லாம் தப்பான துறைமுகத்துக்குப் போகுமே என்ற கவலை என்னைப் பேசவைத்துவிட்டது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க மேப்பு உல்ட்டாவா இருக்குது."

"ஏனு?"

"அச்சாபீஸ்லயே உல்ட்டாவா அடிச்சிட்டாங்க போல. எதுக்கும் திருப்பிக் கேட்டுப் பாருங்க சார்."

மானேஜர் மேப்பைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உன்னை வேலைக்கு வெச்சா எங்க ஊதுபத்தி உலகத்தைச் சுத்தி மறுபடியும் பெங்களூருக்கே வரும். போப்பா" என்றார்.

நேரே சலூனுக்குப் போனேன். சனிக்கிழமை, நல்ல கூட்டம். நாற்காலியில் ஒரு ரயில்வே போர்ட்டர் முகம் பூராவும் நுரையோடு, பாதி மழித்தும் மழிக்காமலும் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

பூகோளம் முதலில் மானேஜரைத்தான் திட்டினார். "சிங்கப்பூர் கெழக்கே, ஏடன் மேற்கே. நான் சரியாத்தானே சொல்லிக் குடுத்தேன்? நீ எங்க தொட்டே?"

காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் காட்டினேன். "இதோ, இங்கதான் அண்ணே. இடது பக்கம்."

அவர் கை நின்றுவிட்டது. என்னை எழுப்பிவிட்டு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வாடிக்கைக்காரர் நாற்காலியில் தானே உட்கார்ந்து எதிரே பார்த்தார். அவர் திரும்பி நின்று நேராகப் பார்த்துச் சொல்லிக்கொடுத்த உலகத்தை நாங்கள் இவ்வளவு காலமும் கண்ணாடிக்குள் பார்த்துப் படித்திருந்தோம்.

"ஐயையோ" என்றார், ரொம்பச் சின்னக் குரலில். "ஒக்கலிபுரத்துக்கே ஜப்பானை எடம் மாத்தி வெச்சுட்டேனே."

எழுந்தார். கத்தியை மடக்கினார். தோளில் கிடந்த துண்டோடு, பின்மண்டை காட்டுகிற கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை தவிர மூடியறியாத கடையைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் சாத்தினார். "வாப்பா."

"யோவ், என் பாதி மூஞ்சி?" என்றார் போர்ட்டர்.

"நீயும் வா. சாட்சி வேணும்."

கம்பெனிக்குள் நாங்கள் மூன்று பேரும் நுழைந்த காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேர்க்கும். பூகோளம் மானேஜருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "சார், இவன் தப்பாச் சொல்லல. நான்தான் கடையில மேப்பைக் கண்ணாடிக்கு எதிர்ல தப்பா மாட்டிட்டேன். இதுல பார்த்துச் சொல்லச் சொல்லி மறுபடி கேளுங்க" என்றார். என்னை மேப்புக்கு முதுகு காட்டி நிறுத்தி, கைக்கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

மானேஜருக்கு என்ன தோன்றியதோ, ஒரு அடிஸ்கேலை எடுத்து மேப்பைத் தட்ட ஆரம்பித்தார். மலாயா. எகிப்து. பர்மா. மொரிஷியஸ். ஒன்று விடாமல் சொன்னேன். அவருக்கே ரோஷம் வந்து, எங்கேயோ கடல் நடுவில் ஒரு புள்ளியைத் தட்டினார். "ஃபிஜி" என்றேன். மானேஜர் கிட்டே போய்க் குனிந்து படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இந்த ஆளு யாரு?" என்றார், போர்ட்டரைப் பார்த்து.

போர்ட்டர் காய்ந்த நுரையோடு முன்னால் வந்தார். "எனக்கும் சிங்கப்பூர் எடது பக்கம்தான் சார். எங்க ஏரியால எல்லாருக்கும் அப்பிடித்தான்."

மானேஜர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக் குமாஸ்தாக்கள் ஓடி வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெட்டி கண்ணாடில வராதேப்பா" என்றார்.

"மூணு நாள் குடுங்க சார். திருப்பி வெச்சிடறேன்" என்றார் பூகோளம்.

மூன்று நாளும் கடையில் என்னை நிற்கவைத்து, மேப்பைக் கண்ணுக்கு நேரே காட்டி, உலகத்தைத் திருப்பி வைத்தார். வேலை கிடைத்தது. முதல் சிங்கப்பூர்ப் பெட்டி மதராஸுக்குப் போன நாளிலிருந்து, வந்து சேர்ந்ததென்று கடிதம் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குள் பெண் பிறந்துவிட்டாள்.

பூகோளம் அதோடு விட்டிருக்கலாம். மேப்பை மட்டும் எதிர்ச் சுவருக்கு மாற்றினால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். எதிர்ச் சுவரில் இடம் இல்லை. அதனால் ஒரு கண்ணாடியைக் கழற்றி விற்றுவிட்டு அந்த இடத்தில் மேப்பை மாட்டினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நம் முகம் தெரியாது, உலகம்தான் தெரியும். வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "மூஞ்சியைத் தெனம் பாக்கறீங்க. இதை எப்பப் பாப்பீங்க?" என்று கேட்டார். அவர்கள் எல்லோரும் கண்ணாடி நாற்காலிக்கு வரிசையில் நின்றார்கள்.

நான் மேப்பு நாற்காலியில்தான் உட்காருவேன். வெட்டி முடித்ததும், "எப்பிடி இருக்குன்னு பாக்க வேணாமா?" என்று கைக்கண்ணாடியை எடுப்பார். "வேணாம்ணே" என்பேன். வீட்டுக்குப் போனால் மனைவி, "ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருக்கே" என்பாள். இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். வேலை, வாடகை, பெண்ணின் இருமல், கப்பல், புயல் என்று எல்லாவற்றுக்கும் கவலைப்பட்ட நான், அவர் இருந்தவரை என் தலையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.