மண்டையார் கொடுத்த முகம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் யாரைப் பார்த்தாலும் தோலை உரித்துவிட்டுத்தான் பார்ப்பார் மண்டையார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணை வாழ்த்தப் போனவர், "தாடை எலும்பு நல்லா அமைஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பெண் அழுதுவிட்டாள் என்று கேள்வி.

ஜொகூர் பாருவில் ஒரு தடயவியல் ஆய்வுக்கூடத்தில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். அடையாளம் தெரியாத எலும்புகள் வந்தால், மண்டை ஓட்டை அச்செடுத்து அதன் மேல் களிமண் அப்பி முகம் செய்வது என் வேலை. என்னை விட்டால் ஆளில்லை என்ற மிதப்பில் இருந்தேன். அப்போதுதான் அவர் கணினியோடு வந்து சேர்ந்தார். உயிரோடு இருப்பவர்களின் தலை ஸ்கேன்களை நிறையக் காட்டினால், எந்த எலும்பின் மேல் எவ்வளவு சதை என்று அதுவே கற்றுக்கொள்ளுமாம். பிறகு வெறும் மண்டை ஓட்டைக் கொடுத்தால் முகத்தைத் தந்துவிடுமாம். எனக்கு வாரக்கணக்கில் பிடிக்கிற வேலை, நான் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ குடித்து முடிப்பதற்குள் நடந்துவிடும் என்றார். அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

ஸ்கேனுக்கு எங்கே போவது? பார்க்கிறவர்களிடமெல்லாம் பழைய தலை ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்டார். உயிரோடு இருக்கும்போதே மண்டை ஓட்டைக் கேட்கிறானே என்று ஜனங்கள் அவரைக் கண்டால் வேறு தெருவில் போனார்கள். கைகொடுத்தது உலு திராமில் இருந்த அவருடைய மாமியார் வீடுதான். அங்கே அத்தனை பேருக்கும் சைனஸ். அதனால் அத்தனை பேரிடமும் ஸ்கேன் இருந்தது.

முதல் சோதனைக்கு, உடல் தானம் செய்த ஒரு சீனப் பெரியவரின் மண்டை ஓட்டைக் கொடுத்தோம். திரையில் வந்த முகத்தை மனைவியிடம் பெருமையாகக் காட்டினார் மண்டையார். அந்த அம்மா நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது எங்க சித்தப்பா லா" என்றார். அடுத்தது ஒரு மலாய்ப் பெண்மணியின் மண்டை ஓடு. அதற்கும் சித்தப்பாதான் வந்தார். அந்த வாரம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன்.

மனுஷன் அசரவில்லை. கோயில், சர்ச், பள்ளிவாசல், சீனர் சங்கம் என்று ஏறி இறங்கி, சம்மதம் வாங்கி, எல்லா இனத்து மூக்கையும் கொண்டுவந்து சேர்த்தார். சித்தப்பா மெல்ல மறைந்தார். மேலதிகாரி என் களிமண்ணைத் தாண்டிப்போய் அவர் திரைக்கு முன்னால் நிற்கத் தொடங்கினார்.

அப்போதுதான் சாஆ என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. அந்தப் பக்கம் வேலைக்குப் போய்க் காணாமல்போன அண்ணனைத் தேடிக்கொண்டிருந்த ஓர் அக்காவைப் போலீசார் அழைத்து வந்தார்கள். மெர்சிங்கில் மீன் தரம் பிரிக்கிறவர். வீட்டில் இருந்த படமெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டதாம். அண்ணனுக்கும் தனக்கும் ஒரே ஜாடை என்று மட்டும் சொன்னார். நான் செய்த தலையை முதலில் காட்டினேன். மீசையெல்லாம் வைத்த அருமையான வேலை. அவர் கும்பிடாத குறையாக நின்று, "முனீஸ்வரர் மாதிரி இருக்காரு" என்றார்.

மண்டையார் ஒரே முகமாகத் தரவில்லை. ஆள் ஒல்லியா குண்டா என்று எலும்பு சொல்லாது என்பதால், ஒரே முகத்தை இளைத்தும் பருத்தும் வரிசையாக வைத்திருந்தார். அக்கா அதில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். அப்புறம் எடுக்கவே இல்லை.

"இது எங்கண்ணன், தம்பி."

நானாக இருந்தால் அங்கேயே ஆடியிருப்பேன். மண்டையாரோ, "இது மெஷின் போட்ட கணக்குதான் க்கா. உங்க ரத்தத்த டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றோம். அதுவரைக்கும் நம்பிடாதீங்க" என்றார். மரபணு பொருந்தியது.

காரியமெல்லாம் முடித்துவிட்டு அக்கா மறுபடி வந்தார். வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும், ஆனால் அண்ணன் இப்படி முறைக்கிற ஆள் இல்லை என்றார். சிரித்தால் எப்படி இருப்பார் என்பது எலும்புக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது. மண்டையார் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடைன்னு சொன்னீங்கல்ல? நீங்க சிரிங்க க்கா."

அவர் கஷ்டப்பட்டுச் சிரித்தார். மண்டையார் வரைந்தார். இப்படியில்லை, இடது பக்கம் கொஞ்சம் கோணும் என்று அக்கா திருத்தி, மறுபடி சிரித்துக் காட்டினார். சாயங்காலத்துக்குள் இருவரும் நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா பஸ் ஏறப் போனார்.

என் களிமண்ணைப் பார்த்துவிட்டு யாரும் அப்படிப் போனதில்லை. பொறாமை இன்றைக்கும் தீரவில்லை. ஆனாலும் வீட்டில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் எங்காவது தொலைந்து எலும்பாகக் கிடைத்தால், மண்டையாரைக் கூப்பிடுங்கள். வேறு யாரும் என்னைத் தொடக்கூடாது.